இரண்டாம் வாசகி

பெங்களூர்
3 ஜூலை 2007

அன்புள்ள வீரு,

ஆறு வருடம் கழித்துக் கடிதம் போடுகிறவளுக்கு ஏதோ காரியம் இருக்கிறது என்று உறையைப் பார்த்ததுமே நினைத்திருப்பாய். காரியம்தான். மறைக்கவில்லை.

இங்கே டிசைன் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பெண்கள் தண்ணீர் கொண்டுவரும் கருவிகள்தான் என் தலைப்பு. குடம், தள்ளுவண்டி, உருட்டு டிரம். உருட்டு டிரம் நீ பார்த்திருக்க மாட்டாய். ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரை நிரப்பி மூடி, படுக்கப் போட்டு, கைப்பிடியால் இழுத்துக்கொண்டு போவது. அதற்கு நல்ல கைப்பிடி ஒன்று செய்வதுதான் என் ஆய்வின் கடைசிப் பகுதி.

செய்வதற்கு முன்னால் இதைப் பற்றி உலகத்தில் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். எங்கள் துறையில் வழக்கமாக ஆளாளுக்குத் தோதான பத்துக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிவிடுவார்கள். டாக்டர்கள் அப்படிச் செய்வதில்லை. ஒரு மருந்தைப் பற்றி வந்த எல்லா ஆய்வுகளையும் தேடி எடுத்து, எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று முதலிலேயே விதி எழுதி வைத்துவிட்டு, அந்த விதிப்படி சலிப்பார்கள். முறைசார் மீளாய்வு என்று நான் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். டிசைனில் இப்போதுதான் இதைத் தொடங்கியிருக்கிறார்கள்.

அதில் முக்கியமான விதி, இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்பது. ஒருத்தி தள்ளியதை இன்னொருத்தி எடுத்து வைத்திருந்தால், உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். ஒரே ஆளின் ஆசை முடிவைத் தன் பக்கம் இழுத்துவிடக் கூடாது, அதற்காக.

அந்த இரண்டாவது ஆளாக நீ வேண்டும். இங்கே கூடப் படிக்கிறவர்களைக் கேட்கலாம். ஆனால் அவர்களுக்குத் தமிழ் வராது. சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் நம் பக்கத்தில் எத்தனையோ சோதனை செய்து, தமிழில் அறிக்கை எழுதி, அலமாரியில் போட்டிருக்கின்றன. அவற்றையும் சேர்ப்பது என்று விதியிலேயே எழுதியிருக்கிறேன். நீ கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறாய். அதோடு, நம் இருவரில் தண்ணீர் தூக்கியவள் நீதான்.

உங்கள் கல்லூரிக் கணினி முதல்வர் அறையில் பூட்டிக் கிடக்கிறது என்று எங்கள் அய்யா சொன்னார். அதனால் எல்லாவற்றையும் அச்செடுத்துப் பார்சலில் அனுப்புகிறேன். போனில் எதையும் முடிவு செய்ய வேண்டாம். எழுத்தில் இருக்கட்டும்.

விதிகளை எழுதிய தாள் இத்துடன் இருக்கிறது. சம்மதமா?

சேது


உத்தரகோசமங்கை
22 ஜூலை 2007

அன்புள்ள சேது,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பொன்னுச்சாமி அய்யா மக தண்ணி தூக்குறதப் பத்தியா படிக்குது, அது வீட்ல கொடத்தத் தொட்டதே இல்லயே" என்றாள். கோபித்துக்கொள்ளாதே. உங்கள் வயலில் களை எடுத்தவளுக்கு உன் வீட்டுச் சங்கதி தெரியாமல் இருக்குமா.

எங்கள் அய்யா செத்ததற்கு நீ ஒரு வரி எழுதவில்லை. அதை எழுதாமல் வேறு எதையும் எழுத எனக்கு வரவில்லை. எழுதிவிட்டேன். இனி வேலையைப் பேசலாம்.

விதிகளை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது விதியில், 'பயன்படுத்தியவர்கள் பற்றிய தகவல் இருக்க வேண்டும்' என்று மட்டும் இருக்கிறது. எத்தனை நாள் பயன்படுத்தினார்கள் என்று கேட்க வேண்டாமா? புதுச் சாமான் எதைக் கொடுத்தாலும் முதல் வாரம் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கொடுத்தவர் மனம் கோணக் கூடாதென்று சொல்வதும் உண்டு. மூன்று மாதத்துக்குக் குறைந்த சோதனை என்றால் தனியாகக் குறிக்க ஒரு கட்டம் போடு.

சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை. எனக்குப் புரியாத ஆங்கிலத்தை நான் புரிந்த மாதிரி நடிக்க மாட்டேன். புரியவில்லை என்று ஓரத்தில் எழுதுவேன். அதற்காக என்னைக் குறைவாக நினைக்கக் கூடாது.

வீரு


பெங்களூர்
9 ஆகஸ்ட் 2007

அன்புள்ள வீரு,

உங்கள் அய்யா இறந்தபோது எழுதாதது தவறு. எழுத உட்கார்ந்தேன், என்ன எழுதுவது என்று தெரியவில்லை, நாள் போய்விட்டது, பிறகு வெட்கமாகிவிட்டது. வேறு காரணம் இல்லை.

மூன்று மாதக் கட்டம் போட்டாயிற்று. பேராசிரியரிடம் காட்டினேன். "இந்தக் கேள்வி நம் யாருக்கும் தோன்றவில்லையே" என்றார்.

பார்சலில் 1,047 சுருக்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் எண் இருக்கிறது. சேர்க்க, நீக்க, தெரியவில்லை: மூன்றில் ஒன்று. நீக்கினால் எந்த விதிப்படி என்று எண் போடு. என்னிடம் கேட்காதே, நானும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

சேது


உத்தரகோசமங்கை
14 ஜனவரி 2008

அன்புள்ள சேது,

பொங்கல் வாழ்த்து. 1,047-ம் முடிந்தது. அதில் தேறியவற்றுக்கு நீ பிறகு அனுப்பிய முழுக் கட்டுரைகளையும் படித்துவிட்டேன். இத்துடன் பதிவு மூலம் அனுப்புகிறேன். மூன்று நோட்டுகள். இருபத்தாறு இடத்தில் 'புரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

தமிழ் அறிக்கைகளுக்காக நான் அலைந்ததைச் சொல்ல வேண்டும். மொத்தம் ஒன்பது கிடைத்தன. ஏழு தமிழ், இரண்டு அச்சேறாத ஆங்கிலம். மாரியூரில் ஒரு பெண்கள் சங்கம் 1996இல் உருட்டு டிரம்மைச் சோதித்தது என்று பெரியபட்டினத்தில் லத்தீபா என்ற டீச்சர் சொன்னார். சாயல்குடி பஸ்ஸில் போனேன். அந்த அறிக்கையை எழுதியவர் மீனம்மாள். அப்போது சங்கத்துச் செயலாளர். இப்போது கருவாடு காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் நம்பவில்லை.

"அதத் தேடியா இங்கன வந்த? அந்தக் காகிதத்த ஒருத்தரும் கேட்டு வந்ததில்லயே தாயி."

டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சைக்ளோஸ்டைல் பிரதி, நாற்பத்திரண்டு பக்கம். சேது, பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. இருபத்து நாலு பெண்கள், பதினான்கு மாதம். ஒவ்வொரு மாதமும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். யார் கர்ப்பமாக இருந்தது, யாருக்கு எவ்வளவு தூரம், எந்தப் பாதை, எல்லாம். கடைசியில் ஐந்து பேர்தான் டிரம்மை வைத்திருந்தார்கள். பத்தொன்பது பேர் குடத்துக்கே திரும்பிவிட்டார்கள். மணலில் உருளவில்லை. ஊருணிக் கரையில் ஏறும்போது நிறைந்த டிரம் ஆளைப் பின்னுக்கு இழுத்தது. ஒருத்திக்குக் கை முறிந்தது, ஒருத்திக்கு இடுப்பு பிசகியது. கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'கரை உள்ள ஊருக்கு இதைக் கொடுக்க வேண்டாம்.'

நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன். மூலப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீரு


பெங்களூர்
20 பிப்ரவரி 2008

அன்புள்ள வீரு,

உன் நோட்டுகளை இங்கே ஆய்வகத்தில் எல்லாரும் கையில் எடுத்துப் பார்த்தார்கள். உன் தீர்ப்பும் என் தீர்ப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த பிறகும் 0.81 வருகிறது. இது மிக நல்ல எண். நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் என்று பேராசிரியரிடம் சொன்னேன்.

இருவரும் சேர்த்தவை 31. நாம் மாறுபட்டவை பன்னிரண்டு. பட்டியல் இத்துடன் இருக்கிறது. உன் காரணங்களை எழுது, என் காரணங்களை எழுதியிருக்கிறேன்.

மாரியூர் அறிக்கையில் வாதமே இல்லை. நீயும் சேர்த்திருக்கிறாய், நானும் சேர்த்திருக்கிறேன். அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பப் போகிறேன், இருவர் பெயரும் போகும். முதலில் நான், அடுத்து நீ. அதற்கான படிவம் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்பு. கட்டுரை இன்னும் முழுசாக எழுதி முடியவில்லை. முடிந்ததும் உனக்குத்தான் முதல் பிரதி.

சேது


உத்தரகோசமங்கை
6 மார்ச் 2008

அன்புள்ள சேது,

பன்னிரண்டுக்கும் காரணம் எழுதிவிட்டேன். நாலில் நீ சொல்வதுதான் சரி. எட்டில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

படிவத்தில் 'இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புதல் அளிக்கிறேன்' என்று இருக்கிறது. நான் இன்னும் படிக்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அனுப்புகிறது நீ என்பதால். பிரதியை மறக்காமல் அனுப்பு.

என் பெயர் அச்சில் வரப்போகிறது என்று அண்ணன் கூத்தையாவிடம் சொன்னேன். "இங்கிலாந்துலயா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

வீரு


உத்தரகோசமங்கை
12 மார்ச் 2009

சேது,

ஒரு வருடமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பிரதியும் இல்லை. மூன்று முறை எழுதினேன். ஆய்வு வேலை அதிகம் போல என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். இப்போது எழுதுவது வேறு விஷயம்.

ஜனவரியில் எங்கள் ஊருக்கும் சுற்றி நாலு ஊருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் உருட்டு டிரம் கொடுத்தது. நீலக் கலர். எங்கள் தெருவுக்கு முப்பது. நான் அன்று கல்லூரியில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது வாசலுக்கு வாசல் ஒன்று நின்றது. எங்கள் வீட்டுக்கு வந்ததை அண்ணன் பெண்டாட்டிதான் வாங்கி வைத்திருந்தாள். ராக்கு மதினியிடம் சொன்னேன், "மதினி, கரையில இத வச்சு ஏறாத" என்று. "ஊரே இழுக்குது, எனக்கு மட்டும் என்ன" என்றாள். அதற்கு மேல் நானும் சொல்லவில்லை. படித்த ஆட்கள் பார்த்துத்தானே கொடுத்திருப்பார்கள், கைப்பிடியில் ஏதாவது மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி காலையில் ராக்கு மதினி ஊருணிக் கரையில் ஏறிக்கொண்டிருந்தாள். பாதிக் கரையில் டிரம் பின்னால் இழுத்திருக்கிறது. கைப்பிடியை விட்டிருந்தால் தப்பித்திருப்பாள். ஐம்பது லிட்டர் தண்ணீரை விட மனம் வருமா. மல்லாக்க விழுந்து, டிரம்மோடு கீழே போனாள். வலது கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பழையபடி நடப்பாளா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

அந்த நிறுவனத்தின் ஆபீசுக்குச் சண்டை போடத்தான் போனேன். கள அலுவலர் தனுஷ்கோடி என்பவர் இருந்தார். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "ஏங்க, இதெல்லாம் பாக்காமயா கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"பாத்துத்தாங்க கொடுத்தோம். உலகம் பூரா வந்த ஆராய்ச்சிய எல்லாம் சலிச்சு எடுத்து ஒரு கட்டுரை வந்திருக்கு. மேலிடத்துல அத வச்சுத்தான் முடிவு பண்ணுனாங்க."

ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். உன் பெயர், கமா, என் பெயர், 2008.

"உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மதுரைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு எழுதி அந்தக் கட்டுரையின் நகலை வரவழைத்தேன். அகராதி வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். 31 இல்லை, 22 இருக்கிறது. ஒரு பக்கத்தில் கட்டம் கட்டமாகப் படம் போட்டிருக்கிறாய். ஒரு கட்டத்திலிருந்து அம்புக்குறி பக்கவாட்டில் போகிறது. 'ஒன்பது அறிக்கைகள் நீக்கம். ஆங்கிலம் அல்ல, அல்லது முறையாக வெளியிடப்படாதவை.' மீனம்மாள் அந்த ஒன்பதுக்குள் இருக்கிறார். பெயர்கூட இல்லை. மூன்று மாதக் கட்டத்தையும் காணவில்லை. முடிவுரையில் 'உருட்டு டிரம்மைப் பெண்கள் பரவலாக ஏற்றுக்கொண்டுள்ளனர், கைப்பிடியை மேம்படுத்துவதே தேவை' என்று இருக்கிறது. இதற்கெல்லாம் மேலே இன்னொரு வரி: 'இரு வாசகர்களுக்கிடையே எழுந்த வேறுபாடுகள் கலந்துபேசித் தீர்க்கப்பட்டன.'

என் பெயரைப் போடாமல் விட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன், அவ்வளவுதான். போட்டிருக்கிறாய். நான் அந்த ஒன்பதையும் தூக்கிப்போட்டதாக உலகத்துக்குச் சொல்லியிருக்கிறாய். ராக்கு மதினிக்கு அந்த டிரம்மைக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

வீரலட்சுமி


பெங்களூர்
25 மார்ச் 2009

அன்புள்ள வீரு,

ராக்கு அக்காவுக்கு நடந்ததைப் படித்தேன். என்ன உதவி வேண்டுமானாலும் சொல். இங்கே நல்ல எலும்பு டாக்டரைத் தெரியும்.

ஆனால் நீ எழுதியதில் சிலவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விதியை மாற்றுவது மோசடி அல்ல. மாற்றினால் மாற்றியதை எழுத வேண்டும், எழுதியிருக்கிறேன். அந்த அம்புக்குறி அதற்குத்தான். மற்ற நாட்டு ஆய்வாளர்கள் படித்துச் சரிபார்க்க முடியாத மொழியில் உள்ளவற்றை விடுவது உலக வழக்கம். சைக்ளோஸ்டைல் அறிக்கையை யார் சோதித்தது, யார் திருத்தியது என்று பத்திரிகை கேட்டால் என்ன சொல்வேன்? பேராசிரியர் கேட்டதும் அதைத்தான். ஏழு பேர் கொண்ட குழு முன்னால் உட்கார்ந்து அவருக்குப் பதில் சொன்னவள் நான், நீ அல்ல.

ஒரு தொண்டு நிறுவனம் நம் கட்டுரையைப் படித்து, கரையைப் பார்க்காமல் டிரம் கொடுத்தால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? கட்டுரையில் எங்கேயும் கரையில் இழுக்கலாம் என்று எழுதவில்லை.

பிரதி அனுப்பாதது தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நீயும்தானே வீரு.

சேது


உத்தரகோசமங்கை
6 ஏப்ரல் 2009

சேது,

ஆமாம், நானும்தான். அதை நீ சொல்வதற்கு முன்னாலேயே ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எலும்பு டாக்டர் வேண்டாம். மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுது.

ஒன்று. அந்த விதியை எந்தத் தேதியில் மாற்றினாய்? ஒன்பது அறிக்கைகளில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்னாலா, பின்னாலா? கட்டுரையில் மாற்றியதாக எங்கேயும் இல்லை. முதலிலிருந்தே அப்படி இருந்த மாதிரி எழுதியிருக்கிறாய்.

இரண்டு. அந்த ஒன்பதும் டிரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நீக்கியிருப்பாயா?

மூன்று. நாம் எப்போது கலந்துபேசினோம்?

உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. பத்திரிகை ஆசிரியருக்கு எழுதப்போகிறேன். உன்னிடம் சொல்லாமல் செய்ய மாட்டேன். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

வீரலட்சுமி


பெங்களூர்
2 மே 2009

வீரு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். அவற்றில் எல்லாம் நான் நல்லவளாக இருந்தேன்.

2008 ஏப்ரல் பத்தாம் தேதி. பின்னால்தான். இல்லை, நீக்கியிருக்க மாட்டேன். நாம் பேசவே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 31-ஐயும் வைத்துப் பார்த்தபோது டிரம் கரையிலும் மணலிலும் ஆகாது, அரை வருடத்தில் பெண்கள் விட்டுவிடுகிறார்கள் என்றுதான் வந்தது. அப்படியென்றால் மூன்று வருடமாக நான் செய்ய நினைத்திருந்த கைப்பிடிக்கு வேலையே இல்லை. பேராசிரியர் பட்டியலைப் பார்த்தார். "இந்த ஒன்பதும் தரமான சான்றுதானா, யோசி" என்றார். நீக்கு என்று சொல்லவில்லை. யோசி என்றுதான் சொன்னார். நான் அன்றைக்கே நீக்கினேன். நீக்கியதும் படம் அழகாக வந்தது. மாரியூர் நகலை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பிரதியை உனக்கு அனுப்பாதது மறதியால் இல்லை. நீ படித்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரியும். உன் பெயரை எடுக்கவும் முடியவில்லை. இரண்டு வாசகர் இல்லாமல் அந்தக் கட்டுரையை எந்தப் பத்திரிகையும் தொடாது.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்று கேட்கிறேன். செப்டம்பரில் என் வாய்மொழித் தேர்வு. அதுவரை பொறு. முடிந்த மறுநாளே நானே பத்திரிகைக்கு எழுதுகிறேன். சத்தியமாக. இப்போது நீ எழுதினால் எனக்கு நாலு வருடம் போய்விடும். அய்யா ஊரில் எல்லாரிடமும் டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

நாலு மாதம்தான் வீரு.

சேது


உத்தரகோசமங்கை
15 ஜூன் 2009

சேது,

உன் கடிதத்தைப் படித்ததும் பொறுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் இல்லாத கடிதம் அது. அதற்காகவே நாலு மாதம் கொடுக்கலாம் என்று தோன்றியது. மூன்று வாரம் அப்படியே இருந்தேன்.

பிறகு தனுஷ்கோடி சொன்னார், ஜூலைக் கடைசியில் இன்னும் அறுநூறு டிரம் வருகிறது என்று. ஆறு ஊர். எல்லாம் ஊருணி, கண்மாய்க் கரை ஊர்கள். மீனம்மாள் அறிக்கையை அவரிடம் கொடுத்துப் பார்த்தேன். முழுசாகப் படித்தார். படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஆனா மேலிடத்துல இத வெறும் நோட்டீசும்பாங்க. பத்திரிகையில வந்தது தப்புன்னு அந்தப் பத்திரிகையே சொன்னாத்தான் நிறுத்துவாங்க" என்றார்.

உன் நாலு மாதத்துக்குள் அந்த அறுநூறும் கரையேறிவிடும். மாரியூரில் இருபத்து நாலு பேரில் இரண்டு பேருக்கு அடிபட்டது. அறுநூறுக்கு எத்தனை என்று நீயே போட்டுப் பார்.

ஜூன் பதினோராம் தேதி எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. என் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், யாரிடமும் திருத்தக் கொடுக்கவில்லை. முதல் பத்தியில் என் தவறை எழுதியிருக்கிறேன், இறுதி வடிவத்தைப் படிக்காமல் படித்ததாகக் கையெழுத்திட்டேன் என்று. இரண்டாவது பத்தியில் நீ முதலில் அனுப்பிய விதிகள். மூன்றாவதில் ஒன்பது அறிக்கைகளின் பட்டியல். உன் மே மாதக் கடிதத்தை அனுப்பவில்லை. அது எனக்கு எழுதியது.

வீட்டில் சொல்லிவிட்டேன். அண்ணன் ஒரு வாரம் என்னைத் திட்டித் தீர்த்தான். மதினிதான், "அவளுக்கென்ன தெரியும், நாலெழுத்துப் படிச்சவ கூட்டாளிய நம்பிக் கையெழுத்துப் போட்டா" என்று சொல்லி அவன் வாயை அடைத்தாள். அவள் எனக்குப் பரிந்து பேசியது அவன் திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வீரலட்சுமி


பெங்களூர்
18 அக்டோபர் 2009

வீரு,

பத்திரிகை ஜூலையில் நம் இருவருக்கும் எழுதியது உனக்கும் வந்திருக்கும். நான் எதையும் மறுக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றதாக அறிவிப்பு வந்துவிட்டது. வாய்மொழித் தேர்வு ரத்து. பேராசிரியர் வழிகாட்டியாக இருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். 'யோசி' என்று சொன்னதை அவர் சொல்லவே இல்லை என்கிறார். ஒருவேளை அதுவும் உண்மைதானோ என்னவோ, நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேனோ.

நீ செய்தது சரி. எத்தனை தடவை யோசித்தாலும் சரிதான். ஆனால் என் மனசு அதை ஏற்க மாட்டேன் என்கிறது. நாலு மாதம் கேட்டேன், என் கூடப் படித்தவள் தரவில்லை என்றுதான் அது சொல்கிறது. இப்படி ஒரு மனசு எனக்கு இருப்பதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

வேறு ஒருவரிடம் மறுபடி சேர்ந்திருக்கிறேன். 31-ஐயும் வைத்து முதலிலிருந்து எழுதப் போகிறேன். கைப்பிடி இனி இல்லை. கரை உள்ள ஊர்களில் தண்ணீரைக் கரைக்கு மேலே கொண்டுவருவது எப்படி என்பதுதான் இப்போது கேள்வி.

போன மாதம் அய்யாவைப் பார்க்க வந்தேன். உங்கள் தெரு முனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீ ராமநாதபுரம் போயிருப்பதாக உங்கள் அம்மா சொன்னார்கள். ராக்கு அக்கா உள்ளே படுத்திருந்தார். "உக்காருங்க" என்று அம்மா சொன்னதும் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. போய்விட்டேன்.

இந்தத் தடவையும் இரண்டாவது வாசகர் வேண்டும். கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

சேது


உத்தரகோசமங்கை
9 நவம்பர் 2009

சேது,

அறுநூறு டிரம்மில் நானூற்றுப் பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீதியைக் கரை இல்லாத, தார்ரோடு போட்ட வேறு இரண்டு ஊருக்குக் கொடுத்தார்கள். அங்கே நன்றாகத்தான் உருள்கிறதாம். அதையும் உன் புதுக் கட்டுரையில் சேர்த்துக்கொள். மதினி கம்பு ஊன்றி நடக்கிறாள். கண்மாய் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டில் பாய் பின்னுகிறாள். எங்கள் வீட்டுக்கு இப்போது நான்தான் தண்ணீர் எடுக்கிறேன், குடத்தில்.

இரண்டாவது வாசகியாக வர மாட்டேன். வேறு ஆளைப் பார். தமிழ் தெரிந்த ஆளாகப் பார். லத்தீபா டீச்சரைக் கேட்டால் செய்வார். உன் கட்டுரை வெளிவந்தால் நூலகத்தில் வரவழைத்து மற்றவர்களைப் போல நானும் படித்துக்கொள்கிறேன். மாரியூர் அறிக்கையைக் குறிப்பிடும் இடத்தில் மீனம்மாள் பெயரை முழுசாகப் போடு. ஊரும் வருடமும் போடு. அவரிடம் நீயே ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு எழுது.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ வந்த அன்று நான் ராமநாதபுரம் போகவில்லை. அடுப்படியில் இருந்தேன். தெரு முனையில் நீ நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் இல்லை என்று சொல்லச் சொல்லி அம்மாவை வாசலுக்கு அனுப்பியது நான்தான். அம்மா மாட்டேன் என்றாள், பிறகு எனக்காகச் சொன்னாள். நீ திரும்பிப் போகும்வரை அங்கேயே நின்றேன். வெளியே வர வேண்டும் என்று ஒரு பக்கம் இருந்தது. வரவில்லை.

உன்னிடம் மூன்று கேள்வி கேட்டு உண்மையை வாங்கியவள் நான். அதனால் இதை எழுதாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

வீரலட்சுமி